சாரலில் சோதித்த ஏர்கண்டிஷன்

கோமதி,

உன் இன்லண்ட் லெட்டர் நேற்று மத்தியானம் வந்தது. நலம் விசாரித்து நாலு வரி எழுதிவிட்டு விஷயத்துக்கு வருவதுதான் முறை. இன்றைக்கு அதற்கெல்லாம் எனக்குக் கை ஓடவில்லை. அம்மா சுகமாகத்தான் இருக்கிறாள். அடுப்படியில் பாத்திரத்தை உருட்டித் திட்டிக்கொண்டிருக்கிறாள், என்னைத்தான். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். நான் வயரிங் கடையைப் பூட்டிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். இன்று சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போய், மெயில் வண்டித் தபால் பெட்டியிலேயே போட்டுவிடுவேன். எப்படியும் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் உன் கைக்கு வந்துவிடும். பாதியில் மடக்கித் தலையணைக்கு அடியில் வைக்காதே, கடைசி வரை படி. உன் அறையில் இருக்கிற மற்றப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தால் பார்க்கட்டும். மறைத்தது போதும் என்றுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீ மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். மெஸ் சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள், நர்ஸ் தொப்பி தலையில் நிற்கவில்லை, மதராஸ் வெயில் மண்டையைப் பிளக்கிறது, எல்லாம் படித்தேன். கடைசியில், ஒட்டுகிற மடிப்புக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில் ஆறு வரி. பதினோராம் கட்டிலுக்குக் கொடுக்க வேண்டிய மருந்தைப் பன்னிரண்டாம் கட்டில் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டாய். அந்த அம்மா ஒரு நாள் முழுக்க மயங்கிக் கிடந்து, மறுநாள் எழுந்து கஞ்சி குடித்தாள். வார்டு ஆயா தட்டை மாற்றி வைத்ததால் வந்த வினை என்று சிஸ்டர் ஆயாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். சனிக்கிழமை பத்தரை மணிக்கு விசாரணை. “எனக்கு ஒண்ணும் வராதுப்பா. யாருக்கும் தெரியாது. அம்மாகிட்ட சொல்லாதீங்க.”

படித்ததும் எழுந்துவிட்டேன். கையில் இருந்த ஸ்குரூ டிரைவரை எங்கே வைத்தேன் என்று இன்னும் தெரியவில்லை. அந்த அம்மா பிழைத்துவிட்டாள், அது அவள் செய்த புண்ணியம். என்னைப் பயமுறுத்தியது நீ எழுதின அந்த ரெண்டே வார்த்தை. யாருக்கும் தெரியாது என்பதை நான் எட்டு வருஷமாக எனக்குள் சொல்லிக்கொண்டு வருகிறேன், கோமதி. அதைச் சொல்லிக்கொண்டே வாழ்கிற மனுஷன் எப்படி ஆவான் என்று நீ தினமும் பார்த்திருக்கிறாய். பார்த்துச் சிரித்தும் இருக்கிறாய்.

பயந்தாங்கொள்ளி அப்பா என்பாய். படுக்கப் போகும் முன்னால் மெயின் சுவிட்சை மூன்று தடவை தொட்டுப் பார்ப்பேன். கடையைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்து திரும்பிப் போவேன். நீ மதராசுக்குக் கிளம்பின அன்று ரயில் பெட்டிக்குள் ஏறி, மேலே சுற்றுகிற ஃபேனுக்குக் கீழே நின்று மூக்கை உறிஞ்சி மோந்து பார்த்தேனே, எதிரே இருந்த அம்மாள் உன்னிடம், “ஒங்க அப்பாவுக்குச் சளியா?” என்று கேட்டாள். நீ சிரித்தாய். சிரிப்பு அடங்கியதும் அவளிடம் பெருமையாக ஆரம்பித்தாய்: “எங்க அப்பாவுக்கு உள்மனசு சொல்லும். ஒரு தடவ கார்ல தீப்பிடிக்கப் போவுதுன்னு இங்கன இருந்தே தெரிஞ்சுக்கிட்டு, மோட்டார் சைக்கிள்ல பறந்து வந்தாவ.” அந்தக் கதையை நீ பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறாய், சொந்தக்காரர் கல்யாணங்களில் சொல்லியிருக்கிறாய். இப்போது ஹாஸ்டலிலும் சொல்லியிருப்பாய். நீ அதைச் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். கூச்சப்படுகிறார் என்று நீ நினைத்துக்கொள்வாய்.

அது பொய். என் உள்மனசு ஒன்றும் சொல்லவில்லை. என் சுண்டுவிரல் சொன்னது, வாய் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், கேள்.

உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஆடி மாதம், குற்றாலத்தில் சாரல் பிய்த்துக்கொண்டு அடித்த வருஷம். சாத்தூர்ப் பக்கத்தில் பஞ்சு மில் வைத்திருந்த ஒரு முதலாளி ஐந்தருவி ரோட்டில் பங்களா எடுத்துப் பதினைந்து நாள் தங்கியிருந்தார். அவருடைய காரை நீ மறந்திருக்க மாட்டாய், படகு மாதிரி நீளமாக, பச்சை நிறத்தில், பழைய அமெரிக்கக் கார். பம்பாயில் யாரோ ஓட்டித் தேய்த்ததை வாங்கியிருந்தார். அதற்குள் ஒரு ஏர்கண்டிஷன் பெட்டி இருந்தது. கார் செய்தவன் வைத்ததில்லை, பிற்பாடு பம்பாயில் எவனோ டேஷ்போர்டுக்குக் கீழே நாலு போல்ட் போட்டுத் தொங்கவிட்டது. முகப்பில் ரெண்டு திருகு. ஒன்று காற்றுக்கு, மற்றது குளிருக்கு. நம் பக்கத்தில் வீட்டில் ஐஸ் பெட்டி வைத்திருந்தவர்களையே விரல் விட்டு எண்ணிவிடலாம். காருக்குள் குளிர் வருகிறது என்றால் ஜனம் கூடி நின்று வாயைப் பிளக்காதா?

அந்தக் காருக்கு டிரைவர் நம் சுடலைமுத்து. உனக்குச் சுடலை மாமா, அச்சன்புதூர்க்காரன். அவன்தான் என்னைக் கூப்பிட வந்தான். “அண்ணாச்சி, இது என்ன எளவு பொட்டியோ தெரியல. காத்து வருது, குளிரு வரமாட்டேங்குது. ஃபியூஸ் போட்டா போட்ட மாதிரி போவுது. வந்து ஒரு பார்வ பாருங்க” என்றான். நான் அப்படி ஒரு பெட்டியைக் கண்ணால் பார்த்ததே கிடையாது. அதைச் சொல்லியிருக்கலாம். “வயர்னா எல்லாம் வயர்தான்வே, வாறேன்” என்று சைக்கிளை எடுத்தேன். என் வாய்த் திமிர் உனக்குத் தெரியாததா?

பங்களா வாசலில் மல்லாந்து படுத்துப் பெட்டிக்கு அடியில் தலையை விட்டேன். குளிர்த் திருகுக்குப் பின்னால்தான் கண்ட்ரோல். பெட்டிக்குள் போதுமான குளிர் வந்ததும் அது தானாகவே கரண்டை நிறுத்தும், சூடு ஏறினால் மறுபடி விடும். கரண்டு பாய்ந்தால்தான் எஞ்சின் பக்கத்தில் இருக்கிற காந்தம் பிடித்து, பெல்ட் சுற்றி, குளிர் உண்டாகும். கண்ட்ரோலின் முனைகள் கரி பிடித்துப் போயிருந்தன. உப்புத்தாள் வைத்துத் தேய்த்துச் சுத்தம் செய்தேன். அந்த வேலை சுத்தமான வேலை, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் சுவிட்சைப் போட்டதும் ஃபியூஸ் போய்விட்டது. இன்னொன்று போட்டேன், அதுவும் போனது. அத்தோடு என்னிடம் இருந்த ஃபியூஸ் தீர்ந்துவிட்டது. ஃபியூஸ் போகிறது என்றால் எங்கேயோ வயர் உரசுகிறது, அல்லது தாங்காத சுமையை இழுக்கிறது என்று அர்த்தம். பம்பாய்க்காரன் துடைப்பக் குச்சி மாதிரி மெல்லிசான ஒரு வயரில் காந்தத்தையும் ஃபேனையும் சேர்த்துக் கட்டியிருந்தான். அந்த வயரை முழுக்க உருவிப் பார்த்திருக்க வேண்டும். அதற்கு டேஷ்போர்டைக் கழற்றணும், ஒரு நாள் ஆகும். முதலாளியோ, “சாப்பாடு முடிஞ்சதும் ஊருக்குக் கிளம்பணும், என்னய்யா முடியுமா முடியாதா?” என்று தலைமாட்டில் நிற்கிறார். செம்புக் கம்பியை நாலு இழை முறுக்கி, ஃபியூஸ் இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். அப்போது எல்லாக் கடையிலும் செய்கிற வேலைதான் அது. அதனால் அது சரியாகிவிடாது.

சுவிட்சைப் போட்டதும் குளிர் குப்பென்று வந்தது. வேடிக்கை பார்க்க நின்றவர்கள் ஓவென்று கத்தினார்கள். அன்று அருவியில் குளிக்க நீயும் அம்மாவும் வந்திருந்தீர்கள், உன் பெரியப்பாவும் வந்திருந்தார். நிலத்தையும் கோயில் காரியத்தையும் பார்க்காமல் ஸ்பானர் பிடிக்கப் போனவன் என்று என்னை ஊர் முழுக்க இளக்காரம் பேசின மனுஷன் கையை உள்ளே நீட்டிப் பார்த்துவிட்டு, “ஏலே, நெசமாவே சில்லுனு வருதுலே! நீ பெரிய ஆளுதாம்லே” என்றார். என் அண்ணன் என்னைப் பாராட்டி நான் கேட்ட முதல் வார்த்தை அது. ஐந்து நிமிஷம் ஓடியதும் கண்ட்ரோல் டக்கென்று தானாக நிறுத்தியது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று நானும் நினைத்தேன்.

என் முட்டாள்தனத்தைப் பார். சாரல் அடிக்கிறது, காற்றே குளிர்ந்து கிடக்கிறது, என் சட்டை ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் ஒரு குளிர்ப் பெட்டியைச் சோதித்திருக்கிறேன்! குற்றாலத்தில் அது ஐந்து நிமிஷம் ஓடிப் பத்து நிமிஷம் ஓய்வெடுக்கும். வயருக்குச் சூடேற நேரமே கிடைக்காது. சங்கரன்கோவில் பக்கத்து வெயிலில் அது நிற்கவே நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். இது எனக்குத் தெரியாமல் போயிருந்தால் பட்டிக்காட்டானின் அசட்டுத்தனம் என்று விட்டுவிடலாம். சாமான்களை எடுக்கக் கையை அடியில் விட்டபோது என் சுண்டுவிரல் அந்த வயரில் பட்டது. வயர் சூடாக இருந்தது. ஐந்தே நிமிஷத்தில், அந்தச் சாரலில், சூடு. அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தெரிந்துதான் கையை வெளியே எடுத்தேன்.

வாயைத் திறப்பதற்குள் முதலாளி என் தோளில் தட்டினார். “ஒம்ம வீட்டம்மாவும் பிள்ளையும் திருவேங்கடம் போகணுமாமே. எங்க வழிதான அது, நாங்களே எறக்கி விட்டுட்டுப் போறோம்.” சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ரெண்டு நாள் முன்னால் அம்மா தன் பிறந்த ஊருக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போவது வழக்கம் அல்லவா? பஸ்ஸில் நசுங்கிப் போக வேண்டியவர்கள், காரில், அதுவும் குளிர்க் காரில் போகப் போகிறார்கள். அம்மா வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டே பையை எடுத்துவிட்டாள். நீ ஓடிப்போய் முன் சீட்டில், சுடலைக்கும் முதலாளிக்கும் நடுவில் ஏறிக்கொண்டாய். அந்தப் பெட்டி உன் முழங்காலுக்கு நேரே இருந்தது. அம்மாவும் முதலாளி வீட்டம்மாளும் பின்னால். குளிர் வெளியே போகக்கூடாது என்று முதலாளி எல்லாக் கண்ணாடியையும் ஏற்றச் சொன்னார். கண்ணாடிக்குள்ளிருந்து நீ எனக்குக் கையாட்டினாய். நானும் ஆட்டினேன்.

‘இறங்குட்டி’ என்ற ஒரு வார்த்தை போதும் எனக்கு. அண்ணன் பக்கத்தில் நிற்கிறார், ஜனம் நிற்கிறது, எல்லார் முன்னாலும் “என் வேலை சரியில்லை” என்று சொல்ல நாக்கு எழவில்லை. என் மானத்தை ஒரு தட்டிலும் உன்னை ஒரு தட்டிலும் வைத்து, நான் மானத்தை எடுத்துக்கொண்டேன். இதை எழுத எனக்கு எட்டு வருஷம் ஆகியிருக்கிறது.

கார் போன பிறகு அண்ணன் டீ வாங்கிக் கொடுத்தார்.  ஒன்றும் ஆகாது, சுடலை கெட்டிக்காரன், நடுவில் நிறுத்துவார்கள், வயர் ஆறும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம், கோமதி! சட்டென்று மேகம் விலகி வெயில் வந்தது. முதுகில் சுள்ளென்று பட்டதும் எழுந்துவிட்டேன். சைக்கிளை எடுத்து மிதித்தேன் பார், தென்காசி வரை பிரேக்கைத் தொடவில்லை. கடையில் ரிப்பேருக்கு வந்து கிடந்த ஒரு மோட்டார் சைக்கிள், ஹாரனும் கிடையாது, பின் பிரேக்கும் கிடையாது. அதை உதைத்துக் கிளப்பி ஏறினேன். கடையநல்லூர் தாண்டினது தெரியாது. புளியங்குடியில் எலுமிச்சங்காய்க் கடைக்காரனிடம் பச்சைக் கார் போச்சா என்று கேட்டேன். மூட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு இப்போதுதான் போனார்கள் என்றான். சங்கரன்கோவில் ரோட்டில் திரும்பினதும் சாரலும் இல்லை, நிழலும் இல்லை. தார் ரோடு நெருப்பாகக் கொதிக்கிறது. எதிரே வருகிற ஒவ்வொரு வண்டிக்காரன் முகத்தையும் பார்க்கிறேன், ஏதாவது பார்த்துவிட்டு வருகிற முகமா என்று. சாமி பேரெல்லாம் மறந்துவிட்டது. உன் பேரை மட்டும் வாய்விட்டுக் கத்திக்கொண்டே போனேன்.

பனைமரங்கள் நிற்கிற ஒரு வெட்டவெளியில் கார் நின்றது. நாலு கதவும் விரியத் திறந்து கிடந்தன. கருகின ரப்பர் நாற்றம் கால் மைலுக்கு முன்பே என் மூக்கில் ஏறிவிட்டது, இன்றுவரை இறங்கவில்லை. எண்ணினேன். முதலாளி, அவர் வீட்டம்மாள், உன் அம்மா, தரையில் உட்கார்ந்திருக்கிற சுடலை. நாலுதான். இன்னொரு தடவை எண்ணினேன். நாலுதான். மோட்டார் சைக்கிள் என்னோடு சரிந்து விழுந்தது. அதற்குப் பிறகுதான் காருக்குப் பின்னாலிருந்து நீ கூஜாவைத் தூக்கிக்கொண்டு வந்தாய். பாவாடை ஓரம் ஒரு சாண் கருகியிருந்தது. என்னைப் பார்த்து, “அப்பா, நீங்க எப்படி வந்தீய?” என்று சிரித்தாய். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

நடந்ததை நீயே சொன்னாய். புளியங்குடி தாண்டும்போதே உனக்கு நாற்றம் தெரிந்திருக்கிறது. சுடலை நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறான். நீ சொல்லியிருக்கிறாய்: “எங்க அப்பா பாத்த வேல மாமா, ஒண்ணும் ஆவாது.” என்னை நம்பி நீ சொன்ன அந்த வார்த்தைக்காக இன்னும் ஒரு மைல் போயிருக்கிறார்கள். பெட்டிக்குப் பின்னாலிருந்து புகை கிளம்பி, பாவாடையில் நெருப்பு விழுந்திருக்கிறது. சுடலை வண்டியை நிறுத்தி உன்னைத் தூக்கி வெளியே எறிந்துவிட்டு, எரிகிற வயரை வெறுங்கையால் பிடித்து அறுத்திருக்கிறான். உருகின ரப்பர் அவன் வலது உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.

அம்மாதான் முதலில் சொன்னாள்: “இவியளுக்கு மனசுல பட்டிருக்கு. கோமதியம்மன்தான் சொல்லி அனுப்பியிருக்கா.” எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். பொய்யைக்கூட நான் சொந்தமாகச் சொல்லவில்லை, கொடுத்ததை வாங்கிக்கொண்டேன். முதலாளி சுடலையிடம் என்ன ஆச்சு என்று கேட்டார். சுடலை, கரிக்கு நடுவே பளபளவென்று இருந்த என் செம்புக் கம்பியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். “எலி கடிச்சிருக்கு மொதலாளி” என்றான். முதலாளிக்குக் கோபம் தலைக்கேறியது. “எலி கடிக்கிற வரைக்கும் வண்டியப் பாக்காம என்னலே செஞ்சுக்கிட்டிருந்த?” என்று அந்த வெட்டவெளியிலேயே அவனை வேலையை விட்டு நிறுத்தினார். வெந்த கையைப் பிடித்துக்கொண்டு அவன் நிற்கிறான். பக்கத்தில் நான் நிற்கிறேன். வாயில் என்ன வைத்திருந்தேனோ, தெரியாது.

காரை மாடு பூட்டி என் கடைக்கு இழுத்து வந்தார்கள். நாலு நாள் உட்கார்ந்து சரியான வேலை செய்தேன். டேஷ்போர்டை முழுக்கக் கழற்றினேன். எஞ்சின் பக்கம் போகிற ஓட்டையில் ரப்பர் இல்லாமல் தகரம் வயரை அறுத்துக்கொண்டிருந்தது, கையை விட்டிருந்தால் முதல் நாளே தட்டுப்பட்டிருக்கும். ரப்பர் போட்டேன். காந்தத்துக்குத் தனியாக, ஃபேனுக்குத் தனியாகக் கனமான வயர் இழுத்தேன். ரெண்டுக்கும் தனித்தனி ஃபியூஸ். கண்ட்ரோலை மாற்றி ஓட்டிப் பார்த்தேன். இந்தத் தடவை குற்றாலத்தில் ஓட்டவில்லை. மத்தியானம் ஒரு மணிக்கு அதே பனைமரத்து ரோட்டில், நான் மட்டும், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ரெண்டு மணி நேரம் ஓட்டினேன். குளிரில் பல் கிட்டியது. சட்டையெல்லாம் வியர்வை. கார் சரியாகிவிட்டது. சுடலையின் கை சரியாகவில்லை, ரெண்டு விரல் மடங்காது. ஸ்டியரிங் பிடிக்க முடியாமல் சீசனில் ஐந்தருவி சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கிறான், மற்ற மாசங்களில் யாரோ வயலுக்குக் காவல். சுடலை மாமா ஏன் கார் ஓட்டுவதில்லை என்று நீ கேட்கும்போதெல்லாம் “கை சரியில்லைம்மா” என்பேன். அது பொய்யில்லை. பாதி.

நேற்று உன் கடிதத்தைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்று காலை அச்சன்புதூர் போனேன். வரப்பில் உட்கார்ந்திருந்தான். “சுடலை, அந்தக் கார்ல ஃபியூசுக்குப் பதிலா செம்புக் கம்பி வச்சது நான்தான்” என்றேன்.  அவன் பீடியைக் கீழே போட்டான். “நான்தான அண்ணாச்சி அத மொதல்ல பாத்தவன். எனக்குத் தெரியாதா?” என்றான். பின்னே எலி என்று ஏன் சொன்னாய் என்று கேட்டேன். “பிள்ள நின்னா. ஒங்க மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னா. அவ முன்னால எப்படிச் சொல்லுவேன்? மறுநாளு நீங்களே மொதலாளிகிட்ட வந்து சொல்லிருவீயன்னு நெனச்சேன். அதுக்கு மறுநாளும் நெனச்சேன். பொறவு நெனக்கிறத விட்டுட்டேன்.” கோபமாகத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்குக் கொஞ்சம் தண்ணீர் மொண்டு கொடுத்தான், கோமதி, அந்த மடங்காத கையால்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். என்னுடையதையும் உன்னுடையதையும். சொல்லாதே என்று நீ கேட்டிருந்தாய், பொறுத்துக்கொள். “எட்டு வருசமாத் தபசுக்குத் தபசு அம்மனுக்கு மாவிளக்கு போட்டனே, ஒங்க பொய்க்கா போட்டேன்?” என்று கேட்டாள்.  அதிலிருந்துதான் பாத்திரம் உருளுகிறது. உன்னைப் பற்றி ஒன்றே ஒன்று கேட்டாள்: “அந்த ஆயாவுக்குப் பிள்ளைக இருக்கா?” அதை நீயும் விசாரித்திருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். சுடலைக்கு மூன்று பேர்.

உன் படிப்பு போய்விடுமோ என்று நீ நடுங்குகிறாய். போகலாம். நர்சு வேலைக்கா பொண்ணை அனுப்பினே என்று கேட்டவர்கள் எல்லாம் சிரிக்கலாம். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நான் பார்த்தவரை, சொல்லுமுன் இருக்கிற பயம் பெரிய பயம்தான், ஆனால் அது ஒரு நாள் பயம். சொல்லாதவன் பயம் தினமும் காலையில் அவனோடு எழுந்து பல் விளக்கும். நீ சிரித்தாயே, மூன்று தடவை மெயின் சுவிட்சைத் தொடுகிற ஆளைப் பார்த்து, அந்த ஆளாக நீ ஆகிவிடாதே. ஒவ்வொரு கட்டில் முன்னாலும் நடுங்கிக்கொண்டு நிற்கிற நர்ஸாக உன்னை நினைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

போய்ச் சொல் என்று உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது, எனக்குத் தெரியும். அதனால் இப்படிச் செய்கிறேன். அந்தச் செம்புக் கம்பியை நான் தூக்கிப் போடவில்லை, கடையில் பல்பொடி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் நானும் சுடலையும் சாத்தூர் போகிறோம். முதலில் வரமாட்டேன் என்றான். “பிள்ளைக்காக ஒரு தடவ பொய் சொன்ன, பிள்ளைக்காக ஒரு தடவ வாடே” என்றேன், எழுந்துவிட்டான். சனிக்கிழமை காலை சரியாகப் பத்து மணிக்கு முதலாளி வீட்டு வாசலில் நிற்பேன். அவர் மேஜையில் அந்தக் கம்பியை வைத்து, எலி இல்லை, நான்தான் என்று சொல்வேன். அவர் என்ன செய்வார், போலீசைக் கூப்பிடுவாரா, செருப்பைக் கழற்றுவாரா, தெரியாது. 

உன் விசாரணை பத்தரைக்கு. நீயும் பத்து மணிக்கு, ஆயாவை உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால், சிஸ்டர் மேஜைக்குப் போய் நில். அதே நேரத்தில் சாத்தூரில் நான் நின்றுகொண்டிருப்பேன். உள்ளே போகும் முன் வாய் உலர்ந்து ஒட்டிக்கொள்ளும், ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துக்கொள். நானும் குடித்துக்கொள்கிறேன்.

அப்பா